வெள்ளிக்கிழமைக் கூட்டம் நான்கு பேராகக் குறைந்தது ஏன்? ஒரு சகோதரியின் கேள்விக்குப் பதில்

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். கணவரின் பணிமாற்றத்தால் திருநெல்வேலியை விட்டுக் கோயம்புத்தூரின் புறநகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் வீட்டில் ஜெபக்கூட்டம் தொடங்கினீர்கள். முதல் வாரம் பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஐந்தாம் மாதம் நான்கு பேர்தான். ஜனங்களை எப்படிக் கூட்டிச் சேர்ப்பது, பக்கத்து வீடுகளில் இருக்கும் இந்துக் குடும்பங்களுக்குச் சுவிசேஷத்தை எப்படிச் சொல்வது, சொல்லாமல் இருந்தால் பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'அவர்களோடு சிரித்துப் பேசும்போதே உள்ளே ஒரு கணக்கு வைத்திருப்பதுபோல் கூசுகிறது.' உங்களை எழுத வைத்தது இந்த வரிதான் என்று நினைக்கிறேன். ஆட்களை எப்படி வரவழைப்பது என்பதற்கு யார் வேண்டுமானாலும் வழி சொல்வார்கள். அந்தக் கூச்சத்துக்குப் பதில் தேடாமல் மற்றதற்குப் பதில் சொல்வதில் பயன் இல்லை.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் உபதேசியாராக, அதாவது ஊர்ச் சபைகளில் ஜெபம் நடத்தும் ஊழியனாக, இருந்தவன். சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டு ஊர்களில் ஒன்பது சபைகளில் ஊழியம் செய்திருக்கிறேன். வேதாகமப் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் படித்ததைவிட, மாலை ஜெபத்துக்கு மணி அடித்துவிட்டு வாசலில் நின்ற நேரங்களில் கற்றது அதிகம். அடுக்குமாடி வாழ்க்கையை என் மகள் வீட்டுக்குப் போகும்போது பார்த்ததோடு சரி. ஆகையால் நான் சொல்வதில் கிராமத்து வாசனை இருக்கும்; உங்கள் இடத்துக்குப் பொருந்துமா என்று நீங்கள்தான் நிதானிக்க வேண்டும்.

என் முதல் சபையில் மாலை ஜெபத்துக்கு ஆறு பாட்டிகள் வருவார்கள். இருபத்து நான்கு வயது எனக்கு; பொறுக்கவில்லை. கடன் வாங்கி ஒலிபெருக்கி கட்டி, வெளியூர்ப் பிரசங்கியாரை அழைத்து, மூன்று நாள் கூட்டம் நடத்தினேன். ஊரே வந்தது. நான்காம் நாள் மணி அடித்தேன். அதே ஆறு பாட்டிகள். அந்த ஊரில் பெட்ரோமாக்ஸ் விளக்கில் மேன்டில் கட்டத் தெரிந்த ஒரு பனையேறி இருந்தார். கோயில் பக்கமே வராதவர். ஒரு மழைக்காலத்தில் விளக்கு மக்கர் செய்தது. நான் கட்டிய மேன்டில்கள் எல்லாம் உதிர்ந்துபோயின. வேறு வழியில்லாமல் அவரிடம் போய், 'அண்ணாச்சி, எனக்கு இது வரவில்லை, கொஞ்சம் வந்து பாருங்கள்' என்றேன். வந்தார். பம்ப் அடித்து ஏற்றிக் கொடுத்துவிட்டு வெளித் திண்ணையில் உட்கார்ந்து பீடி குடித்தார். மறுநாள் நான் கூப்பிடாமலே வந்தார். விளக்கு அவருடைய வேலை ஆகிவிட்டது. எட்டு மாதம் திண்ணையிலேயே இருந்தார். ஒரு நாள் உள்ளே வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவருடைய மனைவி, பிள்ளைகள், மச்சான். நான் செய்தது ஒன்றே ஒன்று: எனக்குத் தெரியாததை ஒத்துக்கொண்டு உதவி கேட்டேன், அதுவும் வேறு வழி இல்லாததால்.

இதை உறுதியாகவே சொல்கிறேன். ஒன்பது ஊரிலும் இப்படித்தான் நடந்தது. தனக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது, தான் போகாவிட்டால் ஒரு குறை தெரியும் என்று நினைக்கிறவர் வந்துகொண்டே இருப்பார். உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து போகிறவர் முதலில் மரியாதைக்காக வருவார். பிறகு பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டுக்கு விருந்தாளி என்று நின்றுவிடுவார். அவர்மேல் தவறு இல்லை. உங்கள் கூட்டத்தில் பாட்டு, ஜெபம், வசனம், தேநீர் எல்லாமே நீங்களும் உங்கள் கணவரும்தான் செய்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டுப் பேருக்கும் அங்கே எந்தப் பொறுப்பும் இல்லை. ஒருவர் பாட்டு எண்ணைச் சொல்லட்டும். ஒருவர் பாய் விரிக்கட்டும். பத்து வயதுப் பிள்ளை சங்கீதத்தை வாசிக்கட்டும். தப்பாக வாசித்தாலும் திருத்தாதீர்கள். நம் அம்மாக்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைப்பார்களே, அந்தப் பிடியரிசியால் எத்தனை சபைகள் நடந்தன! அரிசியின் விலை பெரிதல்ல. தினமும் இரண்டு வேளை அடுப்படியில் நின்றபடியே அந்தப் பெண்ணுக்குச் சபையில் ஒரு பங்கு இருந்தது.

சாப்பாட்டைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியும். சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் நம் பக்கத்து அசனம் உங்களுக்குத் தெரியும். முந்தின இரவே ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். வெங்காயம் உரிக்கும் இடத்தில் நடக்கும் பேச்சில் பல ஆண்டுப் பகை தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் பந்தியில் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்று பார்க்காமல் இலை போடுவார்கள். அப்போஸ்தலர் 2:42இல் ஆதி சபையார் உபதேசத்திலும், அந்நியோந்நியத்திலும், அப்பம் பிட்குதலிலும், ஜெபத்திலும் உறுதியாகத் தரித்திருந்தார்கள் என்று வாசிக்கிறோம். நான்கில் உபதேசத்தையும் ஜெபத்தையும் எடுத்துக்கொண்டு நடுவில் இருக்கும் இரண்டையும் விட்டுவிட்டால் கூட்டம் மெலியத்தான் செய்யும். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிரசங்கத்தை விட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுங்கள். நீங்கள் ஒருவராகச் சமைத்துப் பரிமாறினால் அது விருந்து. அதில் மறுபடியும் அவர்கள் விருந்தாளிகள்தான். சேர்ந்து சமைக்க வேண்டும்.

பந்தி என்றவுடன் இதையும் சொல்லியாக வேண்டும். யார் வருகிறார்கள் என்பதோடு யார் வரவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் இரண்டு சாதியார் தனித்தனியாக உட்காருவதற்கென்று நடுவில் சுவர் இருந்தது, 1910இல்தான் இடிக்கப்பட்டது. தஞ்சாவூர்ச் சபைகளிலும் பிரித்து உட்காரும் பழக்கம் இருந்தது. அதை விட்டுவிட வேண்டும் என்று 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் கட்டளையிட்டபோது எழுந்த எதிர்ப்பு சிறியதல்ல. ஒரே கர்த்தரை ஏற்றுக்கொண்டவர்கள் ஒரே பாயில் உட்கார மறுத்த வரலாறு நம்முடையது. இன்றைக்கு உங்கள் வீட்டில் சுவர் இல்லை. ஆனாலும் வந்து நின்றுபோன பதினான்கு பேரில், பேச்சுவாக்கில் 'சொந்த ஊர் எது, எந்தத் தெரு' என்று யாரோ கேட்டதற்குப் பிறகு வராமல்போனவர் யாராவது உண்டா? எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது. அந்தக் கேள்வியை நம் ஆட்கள் எவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறார்கள் என்பதும், கேட்கப்பட்டவர் முகம் எப்படி மாறுகிறது என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழக்கூடாது. எழுந்தால் அங்கேயே நீங்கள் நிறுத்த வேண்டும்.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். நீங்கள் அதைச் செய்துவிடக்கூடாது. ஒரு தாய், கணவரின் குடியைப் பற்றி என்னிடம் அழுது சொன்னார். அன்று மாலை ஜெபத்தில், மிகுந்த பாரத்தோடுதான், அவருடைய கணவரின் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். கூட்டத்தில் இருபது பேர். அந்த அம்மா அதற்குப் பிறகு வரவில்லை. வீட்டுக்குப் போனேன், தண்ணீர் கொடுத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒருவருடைய துக்கத்தை நடுக்கூடத்தில் வைப்பது, கேட்காமலே அவருடைய சுகத்தைச் 'சாட்சி' ஆக்குவது, இப்போது அதைக் கைப்பேசிக் குழுவில் எழுதிப் பரப்புவது, இவை எல்லாம் ஒரே தவறுதான். நம்பி வந்தவர்களைக் கூட்டத்திலிருந்து விரட்டுவதற்கு இதைவிட வேகமான வழியை நான் பார்த்ததில்லை.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏழு மணிக்குத் தொடங்கினால் எட்டு மணிக்கு முடியுங்கள். நீண்ட பிரசங்கத்தில் தூங்கி மாடியிலிருந்து விழுந்த ஐத்திகு என்ற வாலிபனை உயிரோடு எழுப்பப் பவுல் பக்கத்தில் இருந்தார். நம் கூட்டத்தில் களைத்துப்போகிறவர்கள் மறுவாரம் வருவதில்லை, அவ்வளவுதான். வராதவரை அந்த வாரத்துக்குள் போய்ப் பாருங்கள். 'ஏன் வரவில்லை' என்று கேட்கவே வேண்டாம்; நலம் விசாரித்துவிட்டுத் திரும்புங்கள்.

இனி அந்தக் கூச்சம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நினைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் போதகரின் மகன். 1902இல் யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காணிக்கை சேர்த்து மிஷனெரி ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். மறு ஆண்டு, 1903இல், நம் ஆட்கள் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் அவர் ஒருவர். ஆட்களை அனுப்புவதோடு நிற்காமல் 1909இல் தாமே ஹைதராபாத் நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல்லுக்குப் போனார், தெலுங்கு கற்றுக்கொண்டார். 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் ஆயர் ஆனார். ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் கைவைத்து, 'சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ' என்று சொல்லவைத்தார். அறிவிப்பதில் அவ்வளவு வைராக்கியம். அதே மனிதர்தான் 1910இல் எடின்பரோ மாநாட்டில், உலகம் முழுவதிலுமிருந்து வந்திருந்த மிஷனெரித் தலைவர்களின் முன் நின்று, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று சொன்னார். பாடுபட்டு வந்து பள்ளியும் மருத்துவமனையும் கட்டிய மிஷனெரிகள் பலர் இந்திய ஊழியர்களைத் தங்களுக்குச் சமமாக உட்காரவைத்துப் பழகவில்லை. அந்த வலி அது. இதை நான் நம் பக்கமாகத் திருப்பி வாசிக்கிறேன். நம்மிடமிருந்து சுவிசேஷம் கேட்கிற பக்கத்து வீட்டாரும் நம்மிடம் அதையே கேட்கலாம் அல்லவா?

என் நண்பர் ஒருவர், தமிழாசிரியர், முருக பக்தர். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். ஒரு நாள் அவரிடம் நான் கொஞ்சம் அழுத்தமாகவே பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: 'உபதேசியாரே, நீங்கள் சொல்வதை இன்னும் கேட்கத் தயாராக இருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள். நான் இல்லை என்று சொல்லிவிட்டால் நாளைக்கும் தேநீருக்கு வருவீர்களா?' அன்றைக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தத் தயக்கத்தை அவர் பார்த்துவிட்டார். நானும் பார்த்துவிட்டேன். மறுநாள் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. என் மனைவி மருத்துவமனையில் இருந்த பதினோரு இரவுகளில் ஆறு இரவுகள் வராந்தாவில் படுத்திருந்தவர் அவர். 'உங்கள் 23ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், அம்மா கேட்கட்டும்' என்று சொன்னவரும் அவர்தான்.

ஆகையால் உங்கள் கூச்சத்தை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்; அதை அமுக்கிவிடாதீர்கள். அவர்கள் ஒருபோதும் ஜெபக்கூட்டத்துக்கு வரமாட்டார்கள் என்று இன்றைக்கே தெரிந்துவிட்டால், நாளைக் காலையும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவீர்களா? தட்டுவேன் என்றால் தயங்காமல் பழகுங்கள். பேச்சு வரும்போது உங்கள் விசுவாசத்தை மறைக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள் என்று கேட்டால் கோயிலுக்கு என்றும், ஏன் என்று கேட்டால் ஏன் என்றும் சொல்லுங்கள். 1 பேதுரு 3:15 'விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. விசாரித்துக் கேட்கிறவர் என்ற சொல்லை நாம் விட்டுவிட்டு வாசிக்கிறோம். சொல்லாமல் இருந்தால் பாவமா என்றீர்கள். கேட்கிறவருக்குச் சொல்ல வெட்கப்படுவது தவறு என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கேளாதவரிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதில் என்னைவிடத் தேர்ந்த ஊழியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. நான் கொஞ்சமாகச் சொல்லும் பக்கம் சாய்ந்தவன்.

சொல்வதற்குமுன் கேட்பது நம் சபையின் ஆரம்பத்திலேயே இருந்தது. ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். இந்த மக்கள் எதை வணங்குகிறார்கள், ஏன் வணங்குகிறார்கள் என்று விசாரித்து விசாரித்து 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். ஜெர்மனியின் ஹாலேயில் இருந்த மிஷன் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை, அச்சிடவில்லை. 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. முப்பத்தாறு வயதில் இறந்துபோன அந்த மனிதருக்கு, பக்கத்து வீட்டாரின் பக்தியைப் பொறுமையாகக் கேட்க நேரம் இருந்திருக்கிறது. உங்கள் பக்கத்து வீட்டு அம்மா வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜை செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் அதைப் பற்றி ஒரு முறையாவது கேட்டிருக்கிறீர்களா?

யோவான் 4ஆம் அதிகாரத்தில் கர்த்தர் சமாரியப் பெண்ணிடம் பேசிய முதல் வார்த்தை 'தாகத்துக்குத் தா' என்பது. கொடுக்க வந்தவர் கேட்டார். யூதர் தொடாத பாத்திரத்தில் தண்ணீர் கேட்டார். பேச்சு அங்கேதான் தொடங்கியது. கடைசியில் ஊரைக் கூட்டி வந்ததும் அந்தப் பெண்தான், குடத்தைக் கிணற்றடியில் வைத்துவிட்டு. என் பெட்ரோமாக்ஸ் அண்ணாச்சியை நினைக்கும்போதெல்லாம் இந்த அதிகாரம் நினைவுக்கு வருகிறது. நான் அதை அறிந்து செய்யவில்லை, ஆனால் வழி இதுதான்.

சட்டத்தைப் பற்றி உங்கள் கணவர் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு, ஒருவர் தம் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது. நான் வழக்கறிஞன் அல்ல. வேறு மாநிலங்களில் தனிச் சட்டங்கள் உண்டு, சந்தேகம் இருந்தால் அறிந்தவரைக் கேளுங்கள். ஊழியக்காரனாக என் கட்டுப்பாடு சட்டத்தைவிடக் கடினமானது. பண உதவியையோ பிள்ளையின் படிப்புச் செலவையோ நோய்க்குச் செய்யும் உதவியையோ ஜெபக்கூட்டத்தோடு ஒரு நூலிழைகூட முடிச்சுப் போடாதீர்கள். உதவி பெற்றவர் நன்றிக்கடனுக்காக வந்து உட்கார்ந்தால் அது அவருக்கும் அவமானம், சுவிசேஷத்துக்கும் அவமானம். பிள்ளைகளைப் பெற்றோர் அறியாமல் சேர்க்கவே கூடாது. வீட்டுக்குள் மைக் வேண்டாம். சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு கைக்குழந்தை தூங்குகிறது.

கைப்பிரதி கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். பஸ் நிலையத்தில் கிடைத்த ஒரு தாளால் வாழ்க்கை மாறிய ஒருவரை எனக்குத் தெரியும். நான் கொடுத்த ஆயிரக்கணக்கான தாள்கள் காலடியில் மிதிபட்டதையும் பார்த்திருக்கிறேன். நோயாளிக்காக ஜெபிக்கலாமா என்றால், வேண்டுமா என்று கேட்டு, அவர் சரி என்றால், சுருக்கமாக, சத்தமில்லாமல். சுகம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்திருக்கிறேன், அடக்கத்துக்கும் போயிருக்கிறேன்.

நான்கு பேர் என்பது தோல்வியா என்பதற்கும் நான் ஆம் என்று சொல்லமாட்டேன். பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் நாற்பது. அவர்களில் முன்னின்றவர் குளோரிந்தா என்ற விதவைத் தாய். ஐந்து ஆண்டு கழித்து, 1785இல், அவர் முயற்சியில் ஒரு சிறு கோயில் எழுந்தது. இன்றைய திருநெல்வேலிச் சபைகளின் வேர் அங்கே இருக்கிறது. இதைச் சொல்வதால் உங்கள் நான்கும் நாற்பதாகும் என்று அர்த்தமில்லை. நான்காகவே இருக்கலாம். ஒன்பது ஊரில் இரண்டு ஊரில் எனக்குக் கடைசிவரை அப்படித்தான் இருந்தது.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். அந்த விளக்குப் பூஜை அம்மாவிடம், உங்களுக்கு உண்மையிலேயே தேவையான ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஊர்ச் சந்தை எந்தக் கிழமை, பிள்ளைக்குச் சளி பிடித்தால் எந்த மருத்துவர், கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்பு சாதம் எப்படிச் செய்வது, எதுவானாலும் சரி. ஜெபக்கூட்டத்தைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம். தொடர்ந்து வரும் நால்வரிடம் வெள்ளிக்கிழமைக்கு ஆளுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். நின்றுபோன பதினான்கு பேரின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரும் கடைசியாக வந்த நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து நினைத்துப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து எழுதுங்கள், சகோதரி. எண்ணிக்கையை எழுத வேண்டாம். அந்த நால்வரைப் பற்றி எழுதுங்கள்.